மூணு மாச சுகர் 5.9, அப்பத்தாவுக்குக் கந்தரப்பம் கொடுக்கலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். அவருடைய அப்பத்தாவுக்கு 76 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை, இப்போது சிறுநீரகமும் தளர்ந்துபோய் இரத்தம் ஊறுவதற்கு வாராவாரம் ஊசி போடுகிறார்கள். போன மாதம் எடுத்த ‘மூணு மாச சுகர்’, அதாவது எச்பிஏ1சி, 5.9 என்று வந்திருக்கிறது. வீடே குதூகலம். அன்றைக்கே இடைப்பலகாரத்துக்குக் கந்தரப்பம் சுட்டாகிவிட்டது. ஆனால் வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிற மீட்டர் மட்டும் சாப்பிட்ட பிறகு 230, 250 என்றே பிடிவாதமாகக் காட்டுகிறது. “எதுண்ணே பொய் சொல்லுது?”

5.9 என்றால் சராசரி சர்க்கரை சுமார் 123 என்று அர்த்தம். மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், இரத்தச்சோகை இருந்தால் சற்றுக் கூட்டியும் காட்டும், ஆனால் நாள் தவறாமல் இவ்வளவு தூரம் தப்பாது. எனக்குச் சந்தேகம் 5.9 மேல்தான்.

ஏன் என்று சொல்ல அந்தக் கந்தரப்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். மாவு எண்ணெயில் விழுந்ததும் உப்பி எழும்பி ஓரம் சிவக்கிறதே, அந்தச் சிவப்பில் பெரும்பங்கு வெல்லத்தின் சர்க்கரையும் பருப்பின் புரதமும் ஒன்றோடொன்று ஒட்டுவதால் வருவது. 1912-இல் மையார் என்ற பிரெஞ்சுக்காரர் விவரித்த வினை. அடுப்பில் நிமிடத்தில் நடப்பது நம் உடம்பின் 37 டிகிரியில் வாரக்கணக்கில் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நாம் எல்லோருமே மிக மெதுவாகச் சிவந்துகொண்டிருக்கிறோம்!

எனக்கு அலுக்கவே அலுக்காத இடம் இதுதான். குளுக்கோஸ் மூலக்கூறு பெரும்பாலும் வளையமாகச் சுருண்டு கிடக்கும். எப்போதாவது வளையம் திறந்து நீளமாக நிற்கும். ஒரு நேரத்தில் அப்படித் திறந்து நிற்பவை ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை, ஆனால் திறந்து நிற்பதுதான் புரதத்தின் அமினோ முனையைப் பிடிக்க முடியும். முதலில் பிடிப்பது தளர்வான பிடி, விட்டுவிடவும் கூடும். விடாவிட்டால் உள்ளுக்குள் அணுக்கள் இடம் மாறி, குளுக்கோஸ் கிட்டத்தட்ட ஃபுரக்டோஸ் வடிவத்துக்கு வந்து பூட்டிக்கொள்ளும், அதன்பிறகு அந்தப் புரதம் சாகும்வரை கழலாது. அதனால்தான் இரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கிற ஒரு சோதனைக்கு ஃபுரக்டோசமைன் என்று பெயர். பழம் சாப்பிடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த வகைச் சர்க்கரைகளில் மிக மந்தமாக ஒட்டுவது குளுக்கோஸ்தான் என்று 1981-இல் பன், ஹிக்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பரிணாமம் அதையே நம் எரிபொருளாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அந்த மந்தகுணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த ஊகம் அது.

சரி, கணக்குக்கு வருவோம். எச்பிஏ1சி என்பது சிவப்பணுவுக்குள் இருக்கிற ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் ஒட்டிய சர்க்கரை. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அத்தனை நாளும் சர்க்கரையில் ஊறும், ஆகவே இரண்டு மூன்று மாதக் கதை அதில் பதிவாகிறது. இதில் சொல்லாமல் வைத்துக்கொண்ட நிபந்தனை ஒன்று உண்டு: எல்லோருடைய சிவப்பணுவும் அதே 120 நாள் வாழ வேண்டும். அப்பத்தாவுக்கு அது இல்லை. சிறுநீரகம் கெட்டால் சிவப்பணு சீக்கிரம் சாகிறது, போதாக்குறைக்கு ஊசி புதுச் சிவப்பணுக்களை இரத்தத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. எண்ணெயில் போட்டதை உடனே எடுத்தால் எங்கே சிவக்கும்? இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் நேர் எதிர், அணுக்கள் வயதானவையாகத் தேங்கி எண் ஏறிக் காட்டும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தச்சோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. எச்பிஏ1சி 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று முத்திரை குத்துகிறோம், அப்படியானால் எத்தனை 6.5 உண்மையான 6.5 என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் அல்புமின் வருகிறது. இரத்த நீரில் மிதக்கிற புரதம், சிவப்பணுவோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மூன்று வாரத்தில் பாதி புதுசாகிவிடும், ஆகவே அதில் ஒட்டிய சர்க்கரையை அளந்தால் கடைசி இரண்டு மூன்று வாரக் கதை கிடைக்கும். இதற்குப் பெயர் கிளைகேட்டட் அல்புமின். வருங்காலத்தைச் சொல்லுமா என்றால், அமெரிக்காவில் நான்கு ஊர்களில் ஆயிரக்கணக்கானோரிடம் 1990-92-இல் எடுத்து உறையவைத்த இரத்தத்தை இருபது வருடம் கழித்து வெளியே எடுத்து எலிசபெத் செல்வின் என்ற ஆய்வாளரின் குழு ஃபுரக்டோசமைன், கிளைகேட்டட் அல்புமின் இரண்டு சோதனைகளையும் செய்து பார்த்தது. 2014-இல் வெளியான முடிவு: அன்று இந்த எண்கள் அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோயும், விழித்திரைக் கோளாறும், சிறுநீரக நோயும் அதிகம் வந்தன. கணிப்பதில் எச்பிஏ1சிக்கு ஏறக்குறைய சமம்.

இருபது வருடம் ஒரே மக்களைப் பின்தொடரப் பணம் வேண்டும், ரிப்பன் வெட்ட எதுவும் இருக்காது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வருவதற்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். விரல் குத்துகிற மீட்டரின் ஸ்டிரிப்புக்குள் நடப்பதும் மின்வேதியியல்தான். இன்றைக்கு நம் ஊர்ப் பணம் அப்படியொரு உறைபெட்டிக்குப் போகாதா என்று எனக்கு ஏக்கம் உண்டு. பாகற்காய்ச் சாறில் சர்க்கரை ஓடிப்போனதாக வாட்ஸ்அப்பில் வருகிற கதைகளுக்கு இருக்கிற மவுசில் பத்தில் ஒன்று போதும். (கவுனி அரிசி சர்க்கரைக்கு நல்லது என்கிறவர்கள், அதில் கொட்டுகிற சீனியைப் பற்றி வாய் திறப்பதில்லை.)

அல்புமினுக்கும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அதே ஒட்டல் சிறுநீரக வடிகட்டியின் புரதங்களிலும் நடக்கிறது, அவை பல காலம் மாறாமல் இருப்பவை, நாளாக ஆகச் சல்லடை தடித்துப் பழுதாகி அல்புமின் சிறுநீரில் ஒழுகத் தொடங்கும். அதிகமாக ஒழுகினால் இரத்தத்தில் இருப்பதெல்லாம் புதுசாக வந்த அல்புமின்தான், கிளைகேட்டட் அல்புமினும் குறைத்துக் காட்டும். ஆகவே சிறுநீரில் அல்புமின் எவ்வளவு என்பதையும் பார்த்துவிட்டுத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி, டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். போன வாரம் தம்பி பதில் போட்டார். கிளைகேட்டட் அல்புமின் 24 சதவீதம். சாதாரணமாக 16-க்குள் இருக்க வேண்டியது. சிறுநீரில் ஒழுக்கும் இருக்கிறதாம், ஆகவே நிஜம் 24-க்கு மேலேதான் இருக்கும், கீழே இருக்காது. மருந்தை மாற்றியிருக்கிறார்கள். அப்பத்தா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “முதல்ல எடுத்த எடத்துலயே எடுத்திருக்கலாம்ல, அவன் நல்லபடியா எழுதிக் குடுத்தான்” என்றாராம்.