சிங்கமீனைப் பிடித்தே தீர்த்துவிட முடியுமா?

கிருஷ்ணகிரியிலிருந்து கடல் ரொம்ப தூரம்தான். ஆனால் அட்லாண்டிக் கடலில் சிங்கமீனோடு நடக்கிற மல்லுக்கட்டு நம்ம கே.ஆர்.பி. அணைக்கும் ஒகேனக்கல்லுக்கும் நிறையவே பொருந்தும்.

சிங்கமீன் இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் மீன். மன்னார் வளைகுடாவிலும் உண்டு, இங்கே அதனால் தொல்லை இல்லை. கண்ணாடித் தொட்டியில் வளர்க்க அமெரிக்காவுக்குப் போனதில் சிலவற்றை யாரோ கடலில் விட்டதுதான் தொடக்கம் என்று கருதுகிறார்கள். 1985-இல் ஃப்ளோரிடா கரையருகே தென்பட்டது, அப்புறம் கரீபியன் முழுக்கப் பரவிவிட்டது. அங்குள்ள சின்ன மீன்களுக்கு இது ஆபத்து என்றே தெரிவதில்லை, விலகாமல் நின்று இரையாகின்றன. ஒரு பெண் மீன் வருடத்துக்கு 20 லட்சம் முட்டை வரை இடும், அவை நீரோட்டத்தில் மிதந்து நாடு விட்டு நாடு போகும்.

அதனால்தான் அடியோடு ஒழிப்பது நடக்காத காரியம். ஒரு பவளத்திட்டைக் காலி செய்தாலும் வேறெங்கோ பொரித்த குஞ்சு வந்து சேரும்; முக்குளிப்பவர் எட்டவே முடியாத 300 மீட்டர் ஆழத்திலும் இது இருக்கிறது. தூண்டிலுக்கு லேசில் சிக்காது. ஆனால் ஆளைக் கண்டு ஓடுவதில்லை என்பதால் சிறு ஈட்டியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்கிறார்கள், பரிசு வைத்துப் போட்டியும் நடத்துகிறார்கள். உடம்பில் 18 விஷ முட்கள். அந்த விஷம் புரதம், சூட்டில் கெட்டுவிடும். சதையில் விஷமே கிடையாது, அதனால் முள்ளை வெட்டிவிட்டு உணவகங்களில் சமைக்கிறார்கள்.

பஹாமாஸில் 24 பவளத்திட்டுகளில் நடந்த ஆய்வு இதில் முக்கியமானது. எல்லாவற்றையும் பிடிக்க வேண்டியதில்லை, அந்தந்த இடம் தாங்கும் அளவுக்குக் கீழே குறைத்தாலே உள்ளூர் இரை மீன்களின் மொத்த எடை 50 முதல் 70 சதவீதம் கூடியது. ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் திரும்பப் பெருகிவிடும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 1952-இல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபி மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள், இன்று அணைகளிலிருந்து அதை எடுக்க முடியாது. அதை நாம் தின்றாவது குறைக்கிறோம். தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் விடுகிறார்களே, அந்த மீனுக்கு மேலெல்லாம் கெட்டித் தகடு, வலையைக் கிழிக்கும், இங்கே வாங்கிச் சமைப்பாரும் இல்லை. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் மோசம், காற்றையே சுவாசிக்கும், சேற்றிலும் தாக்குப்பிடிக்கும். அதைக் குட்டையில் வளர்க்கிறவர்கள் மழைக்கு முன்பே அழித்துவிட வேண்டும். குட்டை நிரம்பி வழிந்து தென்பெண்ணையிலோ காவிரியிலோ இறங்கிவிட்டால் பிறகு எந்த வலையாலும் அதை முழுசாகத் திரும்ப எடுக்க முடியாது.