நாற்பது பவுண்டும் ஓர் ஏணியும்: பிரிட்டன் தன் ஆண்டெனா டிவியை டிஜிட்டலாக்கிய விதம்

2007 அக்டோபர் 17 அதிகாலை. இங்கிலாந்தின் வடமேற்குக் கடலோரத்தில் உள்ள ஒயிட்ஹேவன் என்ற சிறு துறைமுக ஊரில் பிபிசி டூ சேனலின் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். மற்ற சேனல்கள் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன. நான்கு வாரம் கழித்து, நவம்பர் 14 அன்று, அவையும் நின்றன. சுமார் 25,000 வீடுகளுக்கு அதற்குப் பிறகு டிவி என்றால் டிஜிட்டல் டிவிதான். அங்கே தொடங்கிய வேலை ஐந்து ஆண்டுகள் பகுதி பகுதியாக நகர்ந்து, 2012 அக்டோபர் 24 அன்று வட அயர்லாந்தில் முடிந்தது.

ஏன் பிபிசி டூ மட்டும் முதலில்? திட்டத்தின் கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருக்கிறது. அதற்கு முன் சில அடிப்படைகளைச் சொல்லிவிடுகிறேன்.

தரைவழி ஒளிபரப்பு என்பது உயரமான கோபுரத்திலிருந்து வரும் அலையை வீட்டுக் கூரையில் உள்ள ஆண்டெனா வாங்கிக்கொள்வது. கேபிளும் தேவையில்லை, செயற்கைக்கோள் தட்டும் தேவையில்லை. மாடியில் ஒருவர் ஆண்டெனாவைத் திருப்ப, கீழே இருந்து இன்னொருவர் “வந்துடுச்சு, போயிடுச்சு” என்று கத்திய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் ஆண்டெனாவை இலங்கைக்குத் திருப்பி ரூபவாஹினி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அனலாக்கில் அலை பலவீனமானால் படத்தில் புள்ளி பறக்கும், ஈ மொய்க்கும், ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் அந்த நடுநிலை கிடையாது. ஓர் அளவு வரை படம் கண்ணாடிபோல் இருக்கும். அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே மறைந்துவிடும்.

டிஜிட்டலால் கிடைக்கும் லாபம் இடம். அனலாக்கில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையில் ஒரே ஒரு சேனல்தான் போகும். டிஜிட்டலில் அதே அகலத்தில் ஆறேழு சேனல்களைச் சேர்த்துக் கட்டி அனுப்பலாம். அந்தக் கட்டுக்கு மல்டிபிளெக்ஸ் என்று பெயர் (சினிமா தியேட்டரைச் சொல்லவில்லை). 1996ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டத்தின்படி பிரிட்டன் இப்படி ஆறு மல்டிபிளெக்ஸ்களுக்கு வழி செய்தது. அவற்றில் மூன்று தனியார் சந்தாச் சேவைக்குப் போயின.

அந்தச் சந்தாச் சேவைதான் முதல் முயற்சி, முதல் தோல்வியும் அதுவே. கார்ல்டன், கிரனடா என்ற இரண்டு டிவி நிறுவனங்கள் சேர்ந்து 1998 நவம்பர் 15 அன்று ஆன்டிஜிட்டல் என்ற பெயரில் அதைத் தொடங்கின. டிவியோடு ஒரு செட்டாப் பாக்ஸை மாட்டினால் போதும், இருக்கிற ஆண்டெனாவிலேயே வரும் என்பது வாக்குறுதி. பல வீடுகளில் அது பொய்த்தது. அனலாக் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால், அதோடு மோதாமலிருக்க டிஜிட்டல் அலையை மிகக் குறைந்த வலுவில்தான் அனுப்ப முடிந்தது. போதாததற்கு, நிறையச் சேனல்களைத் திணிக்கும் ஆசையில் அலையை நெருக்கமாக அடுக்கியிருந்தார்கள். பக்கத்து அறையில் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கினாலும் படம் உறையும். இதற்கிடையே செயற்கைக்கோள் வழியில் வந்த ஸ்கை நிறுவனம் 1999இல் பாக்ஸை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. ஆன்டிஜிட்டலும் பின்தொடர வேண்டியதாயிற்று. சந்தா கட்டாமலே பார்க்கவிடும் போலி அட்டைகள் சந்தையில் புழங்கின. போட்டிகளை ஒளிபரப்பும் உரிமைக்காகக் கால்பந்து லீக்கோடு மூன்று ஆண்டுகளுக்கு 31.5 கோடி பவுண்டு ஒப்பந்தம் போட்டார்கள். கழுத்தை இறுக்கிய கயிறு அதுதான். 2001இல் ஐடிவி டிஜிட்டல் என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள். 2002 மார்ச் இறுதியில் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. விளம்பரத்தில் வந்த பின்னல் குரங்குப் பொம்மை மட்டும் பிழைத்துக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்து வேறொரு கம்பெனியின் தேயிலையை விற்கப் போய்விட்டது.

இரண்டாவது முயற்சியில் கணக்கையே மாற்றிப் போட்டார்கள். பிபிசி, கோபுரங்களை நடத்திய கிரவுன் காசில், ஸ்கை ஆகிய மூன்றும் சேர்ந்து 2002 அக்டோபர் 30 அன்று ஃப்ரீவியூவைத் தொடங்கின. மாதச் சந்தா இல்லை. ஏறத்தாழ நூறு பவுண்டுக்கு ஒரு பாக்ஸை ஒரே முறை வாங்கினால் போதும். பிபிசியும் கிரவுன் காசிலும் தங்கள் மல்டிபிளெக்ஸ்களில் சேனல் எண்ணிக்கையைக் குறைத்து, அலையை முரட்டுத்தனமாக, தடங்கல் தாங்கும்படி அனுப்பின. சனம் வாங்கியது. ஒவ்வோர் ஆண்டும் பாக்ஸின் விலை இறங்கியது.

ஆனாலும் நாட்டில் நாலில் மூன்று பங்கு வீடுகளுக்குத்தான் அது எட்டியது. மிச்சப் பேருக்கும் எட்ட வேண்டுமானால் டிஜிட்டலின் வலுவைப் பல மடங்கு கூட்ட வேண்டும். அதற்கு அனலாக்கை அணைத்தாக வேண்டும். அதாவது, டிஜிட்டல் கிடைக்காத வீட்டுக்கு அதைக் கொடுப்பதற்காகவே அந்த வீட்டின் அனலாக்கைப் பிடுங்க வேண்டும். எந்த அமைச்சரும் தொடத் தயங்குகிற முடிச்சு இது. எல்லோருக்கும் டிவி எட்ட வேண்டும், கட்டுப்படியாக வேண்டும் என்ற நிபந்தனைகளை அரசு 1999இலேயே அறிவித்திருந்தது. 2005 செப்டம்பரில் கலாசார அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல் கால அட்டவணையை வெளியிட்டார். 2008 முதல் 2012 வரை, பகுதிவாரியாக மாற்றம் நடக்கும். பழைய அனலாக் எட்டிய 98.5 சதவீத வீடுகளுக்கும் டிஜிட்டல் எட்டும். ஒயிட்ஹேவன் அதற்கு முன்னோட்டம்.

இப்போது பிபிசி டூவுக்கு வருவோம். ஒவ்வொரு பகுதியிலும் அணைப்பு இரண்டு கட்டங்களாக நடந்தது. முதல் நாள் ஒரே ஒரு சேனல் போகும். அந்த இடத்தில் முதல் டிஜிட்டல் கட்டு முழு வலுவோடு ஏறும். பாக்ஸ் வாங்காமல் அசட்டையாக இருந்தவருக்கு அன்றைக்கு உறைக்கும், ஆனால் செய்தியும் தொடர்களும் இன்னும் வந்துகொண்டிருக்கும். ஓடிப்போய் ஒரு பாக்ஸ் வாங்க அவருக்கு அவகாசம் இருக்கும். ஒயிட்ஹேவனில் நான்கு வாரமாக இருந்த அந்த அவகாசம் பிற்பாடு இரண்டு வாரமானது. லண்டனில் 2012 ஏப்ரல் 4இல் முதல் கட்டம், 18இல் இரண்டாவது. இரண்டு கட்டத்திலும் பாக்ஸில் சேனல்களை மறுபடி தேடிப் பதிய வேண்டும். சொல்வதற்கு எளிது. எண்பது வயதில், ரிமோட்டில் இதுவரை தொடாத ஒரு பொத்தானை அழுத்தி, புரியாத பட்டியலுக்குள் நுழைந்து, “இருக்கிற சேனல்கள் அழிக்கப்படும், சம்மதமா?” என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்ல வேண்டும். கை நடுங்கத்தான் செய்யும்.

அந்த நடுக்கத்துக்காகவே ஒரு தனித் திட்டம் போட்டார்கள். ஸ்விட்ச்ஓவர் ஹெல்ப் ஸ்கீம், அதாவது மாற்ற உதவித் திட்டம். 75 வயது நிரம்பியவர்கள், ஊனமுற்றோருக்கான குறிப்பிட்ட உதவித்தொகைகளைப் பெறுபவர்கள், பார்வையற்றவர் அல்லது பார்வைக் குறைபாடு உள்ளவர் என்று பதிவு செய்தவர்கள், ஆறு மாதமோ அதற்கு மேலோ பராமரிப்பு இல்லத்தில் வாழ்பவர்கள் ஆகியோருக்கு அதில் இடம் இருந்தது. கட்டணம் 40 பவுண்டு. இந்தப் பிரிவில் இருப்பவர் பென்ஷன் கிரெடிட், இன்கம் சப்போர்ட் போன்ற வருமானக் குறைவுக்கான உதவியையும் பெற்றுவந்தால் அந்த நாற்பதும் இல்லை, முற்றிலும் இலவசம். வருமானம் குறைவு என்பது மட்டும் போதாது. முதலில் மேலே சொன்ன பிரிவுகளில் ஒன்றில் இருக்க வேண்டும். வேலையில்லாத நாற்பது வயதுக்காரர் பாக்ஸைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நாற்பது பவுண்டுக்குக் கிடைத்தது வெறும் பாக்ஸ் அல்ல. ஆள் வீட்டுக்கு வருவார். பாக்ஸை மாட்டி, சேனல்களைப் பதிந்து, ரிமோட்டை எப்படிப் பயன்படுத்துவது என்று உட்கார்ந்து காட்டிக்கொடுப்பார். ஆண்டெனா போதவில்லை என்றால் ஏணியில் ஏறி அதையும் மாற்றுவார். ஆண்டெனாவில் டிஜிட்டல் எட்டவே எட்டாத இடமானால் செயற்கைக்கோள் தட்டு வைப்பார். பாக்ஸில் சப்டைட்டிலும், காட்சியைக் குரலில் விவரிக்கும் வசதியும் எளிதில் கிடைக்க வேண்டும் என்பது விதி. பிறகு ஓராண்டுக்குச் சந்தேகம் கேட்கத் தொலைபேசி உதவி உண்டு. இவ்வளவும் வீட்டில் ஒரு டிவிக்கு மட்டும்தான். படுக்கையறையிலும் சமையலறையிலும் இருந்தவை அவரவர் பொறுப்பு.

எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம் விண்ணப்பம். யாரும் அலுவலகம் அலுவலகமாக அலையவில்லை. உதவித்தொகைப் பட்டியல் அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திட்டத்தோடு பகிர்ந்துகொள்ளச் சட்ட அனுமதிதான் இல்லை. 2007இல் அதற்கென்றே ஒரு சிறு சட்டம் இயற்றினார்கள். அதன் பிறகு, தகுதியுள்ளவரின் வீட்டுக் கதவைத் தேடிக் கடிதம் வந்தது: உங்களுக்கு இந்த உதவி உண்டு, வேண்டுமா என்று பதில் எழுதுங்கள். சலுகைக்குத் தகுதியானவரே தன் தகுதியை நகல் எடுத்து, கையொப்பம் வாங்கி, வரிசையில் நின்று நிரூபிக்கும் முறையில் பழகிய நமக்கு இது கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

பணம் எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் டிவி பார்க்கும் வீடு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும்; பிபிசி அதில்தான் ஓடுகிறது. அந்தக் கட்டணத்திலிருந்து 60.3 கோடி பவுண்டை இந்தத் திட்டத்துக்கென ஒதுக்கினார்கள். தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பாக்ஸ் வைத்திருந்ததால் கேட்டு வரவில்லை. ஒதுக்கியதில் கணிசமான தொகை மிஞ்சி, கிராமப்புற பிராட்பேண்டுக்குத் திருப்பிவிடப்பட்டது. இன்னொரு பக்கம், டிவி காலிசெய்த 800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையும் அதோடு சேர்ந்த வேறு அலைவரிசையும் 2013இல் 4ஜி ஏலத்துக்குப் போய், அரசுக் கருவூலத்துக்கு 234 கோடி பவுண்டு கொண்டுவந்தன. டிவி பார்க்கிறவர் கட்டிய பணத்தில் வீட்டைக் காலிசெய்து, காலியான வீட்டின் வாடகையை அரசு வாங்கிக்கொண்டது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

குறைகள் வேறும் இருந்தன. மலைமடிப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு துணைக் கோபுரங்கள் உண்டு. பொதுச் சேவைக்கான மூன்று கட்டுகள் மட்டுமே அவற்றில் ஏறின. வணிகக் கட்டுகள் மூன்றும் பெரிய கோபுரங்கள் எண்பதோடு நின்றுவிட்டன. ஒரே உரிமக் கட்டணம் கட்டியும் அந்த ஊர்க்காரர்களுக்குப் பாதிச் சேனல்கள்தான். ஜனங்கள் அதற்கு “ஃப்ரீவியூ லைட்” என்று பெயர் வைத்தார்கள். அடுக்குமாடிகளில் எல்லோருக்கும் பொதுவான ஆண்டெனாவைச் சரிசெய்வது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. சிலர் கடைசி வாரம் வரை அசையவில்லை. விசிஆர் வைத்திருந்தவர்கள் ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதிவுசெய்யும் சுகத்தை இழந்தார்கள். பழைய டிவியே மாற்றமில்லாமல் ஓடியது என்பதையும் சொல்ல வேண்டும். பாக்ஸ் சரியானதாக இருந்தால் கறுப்பு வெள்ளைப் பெட்டியில்கூடப் படம் வந்தது.

இந்தியாவில் தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டுமே உரியது. 2016 பிப்ரவரியில் சென்னை உட்பட 16 நகரங்களில் அது டிஜிட்டல் தரைவழிச் சேவையைத் தொடங்கியது. அப்படி ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியாது. அதற்குள் ஊரே கேபிளுக்கும் டிஷ்ஷுக்கும் போய்விட்டிருந்தது. பழைய அனலாக் கோபுரங்களில் எல்லைப்புறம் போன்ற முக்கிய இடங்களில் ஏறத்தாழ ஐம்பதை விட்டுவிட்டு மற்றவற்றை 2022க்குள் மூடினார்கள். பெரிதாக யாரும் முறையிடவில்லை. இங்கே பாக்ஸ் உதவி வருவது வேறு வழியில். ஒன்றிய அரசு 2023 ஜனவரியில் ஒப்புதல் அளித்த பைண்ட் என்ற திட்டத்தில், தொலைதூர, பழங்குடி, எல்லைப்புறப் பகுதிகளிலும் நக்சல் பாதிப்புள்ள பகுதிகளிலும் வாழ்பவர்களுக்கு எட்டு லட்சத்துக்கு மேல் டிடி ஃப்ரீ டிஷ் பாக்ஸ்களை இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். அது செயற்கைக்கோள் வழி. மாதக் கட்டணம் இல்லை.

பிரிட்டனில் ஆண்டெனா இன்னும் உயிரோடு இருக்கிறது. குறைந்தது 2034 வரை தரைவழி ஒளிபரப்பு தொடரும் என்று அரசு உறுதி சொல்லியிருக்கிறது. அதன் பிறகு என்ன என்பதற்கு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2024 மே மாதம் மூன்று வழிகளை முன்வைத்தது: புதிய தொழில்நுட்பத்துக்கு மாறி முழுச் சேவையைத் தொடர்வது, ராத்திரி விளக்குபோல முக்கியமான சில சேனல்களை மட்டும் காற்றில் விட்டுவைப்பது, எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிவிட்டுக் கோபுரங்களை அணைப்பது. மூன்றாவதைத் தேர்ந்தால் வீட்டுக்கு ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வேண்டும். அதற்கு மாதாமாதம் பில் வரும். 40 பவுண்டோடு முடிகிற காரியமாக அது இருக்காது.