விலக்கா, விலகலா? 'ஒப்ற் அவுற்' சொல் விளக்கம்

கொக்குவிலில் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக் கடைகளுக்கு விளம்பர மின்னஞ்சல் தயாரித்துக் கொடுக்கும் தங்கச்சி ஒருத்தி போன கிழமை கேட்டா: "அண்ணை, விளம்பரம் வேண்டாம் எண்டு சொல்ல மடலின்ரை அடியிலை வாற 'ஒப்ற் அவுற்' (opt out) எண்டதை 'விலக்கு' எண்டு போடட்டோ?" வேண்டாம் என்றேன்.

'ஒப்ற்' என்பதன் வேர் லத்தீன் 'ஒப்தாரே'. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தெரிவுசெய்தல் என்று பொருள். 'அவுற்' சேர்ந்தால், உள்ளே இருப்பவர் தானே தீர்மானித்து வெளியேறுவது. 'விலக்கு' பிறவினை. வரிவிலக்கை அரசு தருகிறது, நாம் கேட்டுக் காத்திருக்கிறோம். 'விலகு' தன்வினை. ஒரு ககர ஒற்றில் முடிவெடுப்பவரே மாறிவிடுகிறார்.

சட்டமும் தன்வினையின் பக்கமே நிற்கிறது. வணிக மின்னஞ்சல் பற்றிய அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டு 'கான் ஸ்பாம்' சட்டப்படி, விலகல் கோரிக்கையை 10 வேலை நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும். காசு கேட்கக் கூடாது. விலகும் வழி, மின்னஞ்சல் போன பிறகு 30 நாட்களாவது இயங்க வேண்டும். எண்களில் மயக்கமில்லை, எதிலிருந்து விலகுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். 'விலைக்கழிவு விபரம் வேண்டாம், புதுச்சரக்கு விபரம் மட்டும் போதும்' என்று பட்டியல் கொடுக்கலாம். ஆனால் எல்லா வணிக மின்னஞ்சலையும் நிறுத்தும் தெரிவும் அதில் இருந்தே ஆக வேண்டும்.

மின்தொடர்பில் அந்தரங்கம் காப்பது பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிப்புரையில் மயக்கம் இன்னும் கூட. ஒரு பொருளை வாங்கியவருக்கு அதை 'ஒத்த' பொருட்களை மட்டும் முன்சம்மதமின்றி விளம்பரப்படுத்தலாம். ஒவ்வொரு மடலிலும் மறுக்கும் வழி வேண்டும். பாரிஸ் லா சப்பலில் கூறைச்சேலை வாங்கியவருக்குத் தாலிக்கொடி ஒத்த பொருளா? கலியாண வீட்டுக்கு இரண்டும் வேண்டும்தான். ஆனாலும் சேலை வாங்கியவர் நகை விளம்பரத்தை எதிர்பார்த்திருக்க மாட்டார். 'ஒத்த' என்பதற்குப் பணிப்புரை வரைவிலக்கணம் தரவில்லை. ஐயம் வருமிடத்தில் பெறுநர் பக்கம் நின்று வாசிப்பதே நேர்மை என்பேன்.

தமிழில் என்ன சொல்வது? 'குழுவிலகு' புழக்கத்தில் இருக்கிறது. வினை சரி, ஆனால் சேலை வாங்கியவர் எந்தக் குழுவிலும் சேரவில்லையே. 'தெரிவு' நமக்குப் பழகிய சொல், தேர்தலில் தெரிவத்தாட்சி அலுவலர் என்கிறோமல்லவா? 'விலகல்', 'தெரிவு' இரண்டையும் புணர்த்தினால் 'விலகற்றெரிவு' என்றாகி நாக்கு இடறும். 'விலகுதெரிவு' என்பேன். ஊறுகாய் போல வினைத்தொகை; முக்காலத்துக்கும் பொருந்தும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற உரிமை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தங்கச்சி தயாரித்த மடலின் அடியில் இப்போது இப்படி இருக்கிறது: "விலகுதெரிவு: இனி எங்களிடமிருந்து எந்த விளம்பரமும் வேண்டாம்."