கோழிக்குப் பசி சிரப் ஊற்றாதீர்கள்

சென்ற வாரம் ஒருவர் செத்த கோழி இரண்டைத் தீவனச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். நாமக்கல் பக்கம், தகரக் கொட்டகையில் 200 நாட்டுக்கோழி வளர்ப்பவர். "நாலு நாளா இரை எடுக்கலைங்க சார். பசி வரட்டும்னு இதை ஊத்துனேன்" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பசி சிரப். தீனிப்பையை அறுத்துப் பார்த்தேன். ஒரு மணி தானியம் இல்லை. பிசுபிசுவென்று இளஞ்சிவப்புத் தண்ணீர்தான் இருந்தது. இந்தக் கோடையில் நான் பார்க்கும் ஐந்தாவது பாட்டில் இது.

கோழிக்குப் பசிப்பதும் பசிக்காததும் மூளையின் கையில் இருக்கிறது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் நியூரோபெப்டைடு ஒய் என்ற பசி தூண்டும் பொருள் சுரந்தால் கோழி தீனித்தட்டைத் தேடும். சி.ஆர்.எச். என்ற அழுத்த ஹார்மோன் சுரந்தால் தட்டு நிறைய இருந்தாலும் திரும்பிப் பார்க்காது. வெயில், பயம், இடமாற்றம், நோய் எல்லாமே சி.ஆர்.எச்.சைக் கிளப்பிவிடும்.

"மனுசனுக்குக் கேக்குற மருந்து கோழிக்குக் கேக்காதா சார்?" கேட்காது என்று எத்தனை முறை சொல்வது! கிரெலின் என்று ஒரு ஹார்மோன். 1999-இல் ஜப்பானியர்கள் எலியின் வயிற்றில் கண்டுபிடித்தது. மனிதருக்குச் செலுத்தினால் பசியைக் கிளப்பும். அதையே கோழிக்குஞ்சின் மூளையில் செலுத்திப் பார்த்தார்கள். குஞ்சு தீனியை விட்டு ஒதுங்கிவிட்டது. குஞ்சில் அது சி.ஆர்.எச். வழியாக வேலை செய்வதுதான் காரணம். அந்த சிரப்பில் இருப்பது கிரெலின் இல்லை, சரி. ஆனால் நம் பசியையும் கோழியின் பசியையும் ஒரே கணக்கில் போடக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

அன்று மாலையே கொட்டகைக்குப் போனேன். வெட்டவெளியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. குழாய்த் தண்ணீரில் விரலை வைத்தேன், சுட்டது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். தின்ற தீனி செரிக்கும்போது உடம்புக்குள் இன்னும் சூடு கிளம்பும். அதனால் மூளையே தீனியை நிறுத்துகிறது, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. சாதாரண நாளிலேயே தின்பதைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும் ஜீவன் அது. சுடுதண்ணீரைத் தொடாது. தண்ணீர் இறங்காவிட்டால் தீனியும் இறங்காது. அதில் சிரப்பையும் கலந்தால்?

தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள், குழாய்க்கு ஈரச்சாக்கு சுற்றுங்கள். தீனியை வெயில் ஏறுமுன் அதிகாலையிலும், பொழுது சாய்ந்த பிறகும் போடுங்கள். உச்சிவெயிலில் தட்டை நிரப்பி வைத்து, தின்னவில்லையே என்று கவலைப்படாதீர்கள். வாயைப் பிளந்து அரிசியைத் திணிப்பதை தயவுசெய்து விட்டுவிடுங்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். தீவனத்தை முகர்ந்து பாருங்கள். பூசண வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். அப்புறம், இரை எடுக்காததோடு பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்தால், கழுத்து திருகினால், அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் வாருங்கள். சாக்கில் வேண்டாம், உயிரோடு இருக்கும்போதே கூடையில் வைத்துக் கொண்டுவாருங்கள்.