26 வயதுக்காரரின் 30 ஹோம் ரன்னை நம்பலாமா?

பேஸ்பால் வீரர்களின் புள்ளிவிவரங்களை அலசுவது என் பிழைப்பு. "ட்ரிபிள்-ஏ-ல இந்தப் பையன் 30 ஹோம் ரன் அடிச்சிருக்கான், ஏன் இன்னும் மேல கூப்பிடல?" என்று நண்பர்கள் கேட்டால், "வயசு என்ன?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். ஹோம் ரன் என்றால் பந்தை மைதான வேலிக்கு வெளியே அடிப்பது, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. ட்ரிபிள்-ஏ என்பது அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே.

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் நாற்றங்காலாக, கீழிருந்து மேலாக சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ என நான்கு மைனர் லீக் அணிகள். அதற்கும் கீழே புதுமுகங்களுக்கான ஆட்டங்கள், டொமினிகன் குடியரசில் அகாடமிகள். எந்தப் படியில் எந்த வயதில் ஆடுகிறார் என்பதே முதல் கேள்வி. ஹுவான் சோட்டோ 2018-இல் மூன்று படிகளைச் சேர்த்து 40 ஆட்டங்கள்கூட ஆடவில்லை. மே மாதமே வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு வந்துவிட்டார். அப்போது வயது 19. டபுள்-ஏ-வில் 26 வயதுக்காரர் வெளுத்து வாங்கினால், சின்னப் பையன்களின் பந்தை அடிக்கிறார் என்றுதான் ஸ்கவுட்கள் (அணிகளுக்காகத் திறமை தேடி அலைபவர்கள்) எடுத்துக்கொள்வார்கள். கொஞ்சம் கொடுமைதான்.

அடுத்தது ஊர். ட்ரிபிள்-ஏ அணி ஒன்று ஆடும் ஆல்புகெர்க்கி நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால், வேறு ஊரில் கேட்சாகும் பந்து அங்கே வேலியைத் தாண்டிவிடும்.

பந்து வீசும் பிட்சர்கள் விஷயம் இன்னும் சிக்கல். "இன்னிக்கு சேஞ்ச்-அப்பை நிறைய போடு, அடி வாங்கினாலும் பரவாயில்லை" என்று, அந்த மெதுவான ஏமாற்றுப் பந்தைப் பழகுவதற்காக, கோச்சே சொல்லி அனுப்புவது உண்டு. அன்று அவர் ஐந்து ரன் கொடுத்திருப்பார். ஸ்கோர்கார்டைப் பார்ப்பவருக்கு அந்தக் கதை தெரியாது. அதனால் நான் ரன் கணக்கை ஒதுக்கிவிட்டு ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது), வாக் (நான்கு தவறான பந்து போட்டு பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்புவது), பந்தின் வேகம் மூன்றையும் முதலில் பார்ப்பேன்.

ஸ்கவுட்கள் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 17 வயதுப் பையனுக்குப் போடும் 60 வெறும் ஊகம். 1991 டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கும் நிகழ்வு) நியூயார்க் யாங்கீஸ் அணி முதல் ஆளாக எடுத்த பிரையன் டெய்லர், கைகலப்பில் தோள்பட்டை கிழிந்து, மேஜர் லீக்கை எட்டவே இல்லை. மறுபக்கம், 1988-இல் 62-ஆவது சுற்றில் டாட்ஜர்ஸ் அணி எடுத்த மைக் பியாசா 2016-இல் ஹால் ஆஃப் ஃபேமில் (பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் மண்டபம்) நுழைந்தார்.

மைனர் லீக் அணி கோப்பை வென்றதா என்பதை நான் பார்ப்பதே இல்லை. நன்றாக ஆடுபவரை சீசன் நடுவிலேயே மேல்படிக்குத் தூக்கிவிடுவார்கள். மிச்சப் பேரை வைத்துத்தான் அந்த மேனேஜர் ஒப்பேற்ற வேண்டும்.