மிக்ஸி குமிழும் மூடாத கோடும்

மிக்ஸியின் வேகக் குமிழ் உடைந்துபோனது. கடையில் தேடுவானேன், கணினியில் வரைந்து 3டி பிரிண்டரில் எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். திரையில் குமிழ் கச்சிதமாகத்தான் இருந்தது. அச்சில் வந்ததோ, நடுவில் இரண்டு அடுக்கு இல்லாமல், கையில் எடுத்ததும் இரண்டாகப் பிரிந்தது. பிரிண்டரைத் திட்டினேன். பாவம், தப்பு அதன்மேல் இல்லை.

கேட் (CAD) என்பது கணினியில் பொருள்களை வரையும் மென்பொருள். அது உருளையை உருளையாகவே, கணக்காக வைத்திருக்கும். அச்சிடுவதற்காக அதிலிருந்து பெரும்பாலும் எடுப்பது எஸ்.டி.எல். கோப்பு, 1987-இல் 3டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் இயந்திரத்துக்காகப் பிறந்தது. அதில் வளைவே கிடையாது, எல்லாம் முக்கோணம்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று முனைகள், வெளிப்பக்கம் எது என்று காட்டும் ஒரு திசை. மில்லிமீட்டரா அங்குலமா என்பதுகூட எழுதப்பட்டிருக்காது. மாறிப்போனால் பொருள் 25.4 மடங்கு பெருக்கும் அல்லது சுருங்கும்.

இந்த முக்கோணக் கூட்டை ஸ்லைசர் என்ற மென்பொருள் 0.2 மி.மீ. அடுக்குகளாகக் கிடைமட்டமாக வெட்டுகிறது. ஒவ்வொரு வெட்டிலும் துண்டு துண்டாகக் கோடுகள் கிடைக்கும். சிக்குக் கோலம் மாதிரி, கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். சேர்ந்தால் உள்ளே பிளாஸ்டிக், வெளியே காற்று. எங்கோ ஒரு முக்கோணம் விடுபட்டால் கோடு மூடாது. உள் எது, வெளி எது என்று ஸ்லைசருக்குத் தெரியாது. சில சமயம் தானே ஒட்டுப்போட்டுப் பார்க்கும், சில சமயம் அந்த அடுக்கையே விட்டுவிடும்.

என் குமிழில் நடந்தது அதுதான். வேகத்தைக் காட்டும் சின்ன மேட்டை வரைந்து, குமிழோடு ஒன்றாக இணைக்காமல் ஒட்டினாற்போல் வைத்திருந்தேன். இரண்டும் சந்திக்கும் இடத்தில் முடியளவு இடைவெளி. விதி இதுதான்: எந்த விளிம்பையும் சரியாக இரண்டு முக்கோணங்கள் பகிர வேண்டும். ஒன்றுதான் என்றால் ஓட்டை. மூன்று என்றால் உள்ளே ஒரு வேண்டாத சுவர்.

அதைச் சரிசெய்த பிறகும் குமிழ் தண்டில் ஏறவில்லை. 6 மி.மீ. வட்டத் துளையை, எஸ்.டி.எல்.லாக மாற்றும் எக்ஸ்போர்ட்டில் 12 பக்கங்களாக மாற்றியிருந்தேன். நாண்கள் எல்லாம் வட்டத்துக்கு உள்ளேதான் விழும். எதிரெதிர் பக்கங்களுக்கு இடையே 5.8 மி.மீ.தான் மிஞ்சும். போதாததற்கு, உருகிய பிளாஸ்டிக்கும் கொஞ்சம் உள்ளே பிதுங்கும்.

அதற்காக முக்கோணங்களை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். பைனரி எஸ்.டி.எல்.லில் ஒன்றுக்கு 50 பைட், லட்சம் முக்கோணம் 5 எம்.பி. உண்மையான வளைவிலிருந்து முக்கோணங்கள் விலகக்கூடிய அளவை 0.01 மி.மீ. என்று வைத்தேன், அதற்குக் கீழே போனாலும் பிளாஸ்டிக் வெளிவரும் 0.4 மி.மீ. துளைமுனை, அதாவது நாசில், அதைக் காட்டப்போவதில்லை. அந்த நாசிலைவிட மெல்லிய சுவர் வரைந்தால் அச்சில் காணாமலே போகலாம் என்பதையும் அப்போதுதான் கவனித்து, குமிழின் விளிம்பைத் தடிப்பாக்கினேன். துளை 6.2. மூன்றாவது குமிழ் லேசாக அழுத்தியதும் உட்கார்ந்தது.