ஸ்டாப்பர் – மறிப்பாளர்

பாளையங்கோட்டையில் சாயங்காலம் கூடைப்பந்துக் களத்தின் ஓரமாக நின்றால் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்: "ஏலே, அவன மறிலே!" உடனே ஒரு பையன் இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடக்கி, பந்து வைத்திருப்பவன் முன்னால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்வான். பந்தைத் தொடவே மாட்டான். எதிராளி வழி கிடைக்காமல் பந்தை வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவான். ஸ்கோர் நோட்டில் இந்தப் பையன் பேருக்கு நேரே ஒன்றும் ஏறாது.

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. ஆட்டங்களில் இந்த வேலைக்கென்றே இருப்பவரை ஸ்டாப்பர் என்பார்கள். எதிரணியின் பெரிய ஆட்டக்காரரை நிறுத்துவதுதான் அவர் பொறுப்பு. இந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் வரை போவதாகச் சொல்கிறார்கள். நாரால் ஓட்டையை அடைப்பது அங்கே அதன் பொருள். புட்டி மூடிக்கும் அதே பெயர்தான்.

சரி, அடைப்பவருக்குப் பேர் கிடைப்பது எப்படி? என்.பி.ஏ. 1968–69 பருவத்திலிருந்து சிறந்த டிஃபென்ஸ் அணி என்று ஒன்றை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. இது களத்தில் ஆடும் அணி இல்லை; எதிராளியைத் தடுப்பதில் சிறந்தவர்களை எல்லா அணியிலிருந்தும் பொறுக்கிய பட்டியல். பந்து பறிப்பையும் கூடைக்கு எறிந்த பந்தைத் தட்டிவிடுவதையும் கணக்கில் எழுதத் தொடங்கியதே 1973–74இல்தான். அதுவரை கண்தான் கணக்கு. பல ஆண்டுகள் இந்த அணிக்கு வாக்களித்தவர்கள் பயிற்சியாளர்கள்; தங்கள் அணி ஆளுக்கு வாக்களிக்க முடியாது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். தன் நட்சத்திர வீரரை எவன் திணறடித்தான் என்று எதிரணிப் பயிற்சியாளரைவிட யாருக்குத் தெரியும்? 2013–14 முதல் அந்த வாக்கு பத்திரிகையாளர்கள் கைக்குப் போய்விட்டது.

என்.பி.ஏ. வீரர் புரூஸ் போவனைப் பாருங்கள். வீரர் தேர்வில் எந்த அணியும் எடுக்காத ஆள். வாழ்நாள் சராசரி ஆட்டத்துக்கு 6.1 புள்ளிதான். ஆனாலும் 2001 முதல் 2008 வரை தொடர்ந்து 8 முறை அந்த அணியில் இடம்பெற்றார். சான் அன்டோனியோ அணியோடு 3 முறை பட்டமும் வென்றார்.

தமிழில் டிஃபென்ஸைத் தற்காப்பு என்று எழுதுகிறோம். அது பொருந்தவில்லை. தன்னைக் காப்பது தற்காப்பு, கராத்தேக்குச் சரி. போவன் தன்னையா காத்தார்? தடுப்பாட்டம் என்றால் கிரிக்கெட் மட்டைதான் கண்முன் வருகிறது.

மறி என்ற வினை நம்மிடம் உயிரோடு இருக்கிறது. ஆளை வழிமறிக்கிறோம். வாய்க்கால் தண்ணீரை மண்வெட்டியால் மண்ணை இழுத்துப் போட்டு மறிக்கிறோம். அப்புறம் அது நாம் விரும்பும் வயலுக்குத் திரும்புகிறது. நிறுத்துவதும் திசை திருப்புவதும் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. ஸ்டாப்பர் செய்வதும் இதைத்தான். சாலை மறியலில் இருப்பதும் இதே வேர்தான்.

ஆகவே ஆட்டம் மறிப்பாட்டம், ஆள் மறிப்பாளர். "போவன் 8 முறை சிறந்த மறிப்பாளர் அணியில் இடம்பெற்றார்" என்று எழுதினால் பாளையங்கோட்டைப் பையனுக்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியதில்லை.